நாலு வெள்ளிச் சோறு

சிங்கப்பூரிலே வாழும் எம் தங்கையின் வீட்டில் இரண்டு கிழமை தங்கும் வாய்ப்பு, பாடசாலை ஓகஸ்ட் விடுமுறையில் எமக்குக் கிட்டிற்று. தங்கையும் மைத்துனரும் காலையிலேயே வேலைக்குப் புறப்பட்டு விடுவர். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடுவர். மத்தியானச் சாப்பாடு எம் பொறுப்பு. "அண்ணா, காசைப் பார்த்துப் பட்டினி கிடக்காதேங்கோ" என்று சொல்லி, ஐம்பது வெள்ளித் தாளொன்றை மேசைமேல் வைத்துவிட்டுப் போவாள் தங்கை. அதனைத் தொடுவதில்லை என நாம் வைராக்கியம் பூண்டோம். இலங்கை ஆசிரியனின் வைராக்கியத்துக்கு அந்நகரிலே என்ன விலை என்பதை முதல் நாள் நண்பகலிலேயே அறிந்துகொண்டோம்.

அந்நாட்டுத் தமிழர் டொலரை வெள்ளி என்பர். ஒரு வெள்ளி எம் காசில் 220 ரூபாவுக்கு மேல். 2022ஆம் ஆண்டில் எம் நாட்டு நாணயம் சரிந்து வீழ்ந்ததன் பின், வெளிநாட்டில் எதற்கு விலை கேட்டாலும் மனம் தானாகவே பெருக்கல் வாய்பாட்டைச் சொல்லத் தொடங்கிவிடுகின்றது. தமிழ் கற்பிக்கும் ஆசிரியருக்கும் இப்போது இக்கணிதம் கைவந்துவிட்டது.

"மலிவாய்ச் சாப்பிட வேண்டுமெண்டால் சீனற்றை கடைத்தொகுதிக்குப் போங்கோ" என்று வழிகாட்டியவர் மைத்துனர். சவுத் பிரிட்ஜ் வீதியில், 1827ஆம் ஆண்டில் தோன்றிய மாரியம்மன் கோயிலின் கோபுரத்தைத் தாண்டிச் சிறிது தூரம் நடந்தால் சைனாடவுன் பகுதியின் நடுவே பழையதொரு பெருங்கட்டடம் நிற்கின்றது. 1983ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது அது. நிலத்தின் கீழே மீன், மரக்கறி, இறைச்சிச் சந்தை. அதன் மேலே சில்லறைக் கடைகள். அதற்கும் மேலே 200க்கு மேற்பட்ட உணவுக் கடைகள். அடுத்துள்ள முற்றத்தில் முதியவர்கள் கூடியிருந்து சீனச் சதுரங்கம் ஆடுகின்றனர். ஆடுவோர் இருவரென்றால் வேடிக்கை பார்த்துத் தவறு சொல்வோர் பத்துப்பேர். எம்மூர் வாசிகசாலைத் திண்ணையிற் கடுதாசி விளையாடுவோரை நினைத்துக்கொண்டோம்.

இவ்வகை இடங்களைச் சிங்கப்பூர்த் தமிழர் 'உணவங்காடி' என அழகாக வழங்குகின்றனர். கடை என்று சொன்னாலும் ஒவ்வொன்றும் ஓர் ஒடுங்கிய அறைதான். அதற்குள்ளே அடுப்பு, பானை, குளிர்பெட்டி, தண்ணீர்க் குழாய், ஆணொருவர் அல்லது பெண்ணொருவர், பெரும்பாலும் இருவரும் கணவன் மனைவியர். மேசைகளும் ஆசனங்களும் எல்லாக் கடைகளுக்கும் பொது.

நாம் நாடிச் சென்ற கடையிலே விற்கப்படும் உணவுக்கு ஹொக்கியன் மொழியில் 'சப் சாய் பெங்' என்று பெயர். பல கறிகள் கலந்த சோறு என்று பொருள்படும். ஆங்கிலம் பேசுவோர் அதனைச் சிக்கனச் சோறு என்றே அழைக்கின்றனர். கண்ணாடிக்குப் பின்னே இருபது தட்டங்கள். வதக்கிய கோவா, பயற்றங்காய், முட்டை போட்டுப் பொரித்த பாவற்காய், சோயாச் சாற்றில் ஊறிய அவரைக்கட்டி, நிலக்கடலையோடு சேர்த்துப் பொரித்த நெத்தலி, இனிப்பும் புளிப்புமான பன்றி இறைச்சி, உருளைக்கிழங்கு போட்ட கோழிக்கறி, முழு மீன். மொழி வேண்டியதில்லை, விரல் போதும். காட்டிய கறியைச் சோற்றின்மேல் வைத்து, தட்டை ஒரு தடவை பார்த்து, விலையைச் சொல்கிறார் கடைக்கார அம்மையார். தராசும் இல்லை, விலைப்பட்டியலும் இல்லை. அவர் கண்ணே தராசு. இரண்டு மரக்கறியும் ஓர் இறைச்சியும் நாலு வெள்ளி என்பது அங்கே எழுதா விதி.

இவ்விதியை அறியாமல் முதல் நாள் நாம் மீனைக் காட்டிவிட்டோம். கடற்கரை ஊரிலே பிறந்தவர்க்கு மீனைக் கண்டால் விரல் தானே நீளும். "செவன் டொலர்" என்றார் அம்மையார். ஏழு வெள்ளி! ஏழு இருநூற்றிருபது என மனம் பெருக்கத் தொடங்கியது. அந்த மீனின் முள்ளைக்கூட நாம் விட்டு வைக்கவில்லை. மறுநாள் நாம் வரிசையில் நின்றபோது அம்மையார் எம்மை அடையாளங் கண்டுகொண்டு, மீனைச் சுட்டிக் கையை அசைத்து, "எக்ஸ்பென்சிவ், எக்ஸ்பென்சிவ்" என்றார். விற்பவரே வாங்காதே என்று சொன்ன கடையை நாம் வாழ்க்கையில் முதல் முறையாகக் கண்டது அங்கேதான்.

நாலு வெள்ளி என்பது 900 ரூபாவளவு. எம்மூர்ச் சாப்பாட்டுக் கடையிலே அக்காசுக்கு இருவர் வயிறாரச் சாப்பிடலாம். ஆயினும் அந்நகரில் அதைவிட மலிவாய் ஒரு மனிதன் சூடான சோறு உண்பது அரிது. ஆகவே எமக்குச் செலவாய்த் தோன்றியதும் அங்குள்ளோர்க்கு மலிவாய்த் தோன்றியதும் ஒரே தட்டுச் சோறுதான்.

சாப்பாட்டின் பின் கோப்பி. எம்மவர் கோப்பி என்றே சொல்வதைத் தமிழகத்து நண்பர் நகைப்பதுண்டு. சிங்கப்பூரிலே சீனரும் மலாயரும் அவ்வாறே கோப்பி என்கின்றனர். பாலில்லாதது 'கோப்பி ஓ'. ஓ என்பது ஹொக்கியன் மொழியிற் கறுப்பு. சீனியும் வேண்டாமெனின் 'கோப்பி ஓ கோசோங்'. கோசோங் என்பது மலாய் மொழியில் வெறுமை. மூன்று சொல்லிலே இரண்டு மக்களின் மொழிகள் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன. மொழித் தூய்மை பற்றி மாணவர்க்கு விரிவுரை நிகழ்த்தும் எமக்கு இது சிறிது சங்கடமாகத்தான் இருந்தது.

எமது மனத்தை அங்கே அதிகம் ஈர்த்தது உணவன்று, மேசை. நெரிசலான வேளையில் அங்கே தனி மேசை என்பதில்லை. கடுதாசிக் கைத்துண்டுப் பொதியொன்றை ஆசனத்தில் வைத்துவிட்டுப் போனால் அந்த இடம் அவருடையது. எவரும் அதனைத் தொடார். மற்றைய ஆசனங்களில் எவரும் வந்து அமரலாம். கழுத்துப்பட்டி அணிந்த வங்கி உத்தியோகத்தரும் வியர்வை காயாத மூட்டை தூக்குபவரும் ஒரே மேசையில் முழங்கை உரச உண்கின்றனர். யாரும் யாரையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

இக்காட்சி எமக்குச் சாதாரணமானதாய் இருக்கவில்லை. எமது பேரனார் சுன்னாகத்துத் தேநீர்க் கடையொன்றின் வெளியே நின்று, தகரப் பேணியில் ஊற்றிய தேநீரைக் குடித்தவர். உள்ளே வாங்கில் இருந்தவர்க்குக் கண்ணாடிக் குவளை, அவருக்குப் பேணி, குடித்தபின் அதனைக் கழுவி வைத்துவிட்டும் போகவேண்டும். காசு மட்டும் இருபாலார்க்கும் ஒன்றே. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957ஆம் ஆண்டிலே நிறைவேறியதாயினும், சட்டம் கடை வாசலைத் தாண்டி உள்ளே போகவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்திற் சென்று பொலிசாரின் தடியடி பட்டவர்களுள் அவரும் ஒருவர். அதன் பின்னரே தேநீர்க் கடைகளுள் வாங்கில் அமரும் உரிமைக்கான போராட்டங்கள் ஊரூராய் மூண்டன. முதன்முதல் கடைக்குள் அமர்ந்து கண்ணாடிக் குவளையிற் குடித்த தேநீரைப் பற்றிப் பேரனாரைக் கேட்டால், "சீனி காணாது" என்று மட்டும் சொல்வார். அவர் இருந்திருந்தால் இந்த மேசைக்கு அழைத்து வந்திருப்போம். ஏழு வெள்ளி மீனையே வாங்கிக் கொடுத்திருப்போம்.

இவ்வாறு மேசையின் சமத்துவத்தில் மயங்கியிருந்த எம்மை விழிக்கச் செய்தவர், நாலாம் நாள் எதிரே வந்து அமர்ந்த ஓர் இளைஞர்.

"உக்காரலாங்களா சார்?"

"இருங்கோ தம்பி."

"சார் சிலோனா? பேச்சுல தெரியுதே" என்றார் அவர். புதுக்கோட்டைப் பக்கத்தவராம். அருகிலுள்ள கட்டடமொன்றில் குளிரூட்டிக் குழாய் பொருத்தும் வேலை. அவருடைய தட்டில் வெள்ளைச் சோறு, ஒரு முட்டை, சிறிது கோவா. அதன்மேல் நிறையக் குழம்பு. "கொழம்பு ஊத்தச் சொன்னா காசு கேக்க மாட்டாங்க சார். மூணு வெள்ளிக்கு முடிச்சிட்டேன்" என்று, பரீட்சையில் தேறிய மாணவனைப் போல் மகிழ்ந்தார்.

நாள்தோறும் அங்கேதான் உண்பதுண்டோ எனக் கேட்டோம். தலையசைத்து மறுத்தார். ஒப்பந்தச் சமையற்காரர் பொதி கட்டி விடுதிக்கு அனுப்புவராம்; மூன்று வேளைக்கும் சேர்த்து மாதம் நூற்றைம்பது வெள்ளியளவு. "காலையில அஞ்சு மணிக்குக் கைல குடுப்பாங்க சார். எப்பச் சமைச்சதோ. பன்னெண்டு மணிக்குத் தொறந்தா சில நாளு நாறிப்போயிருக்கும். இன்னிக்கு அப்படித்தான். கொட்டிட்டு இங்க வந்தேன்." சம்பளம் எவ்வளவு என்று கேட்பது நாகரிகமன்று; எனினும் கேட்டோம். அடிப்படைக் கூலி நாளொன்றுக்கு இருபது வெள்ளி என்றார். "மூணு வெள்ளின்னா ஊர்ல எரநூறு ரூபா சார். எரநூறு ரூபாக்கு வீட்டுல நாலு பேரு சாப்பிடுவாங்க."

அவருடைய பெருக்கல் வாய்பாடு வேறு, எம்முடையது வேறு. ஆயினும் இருவரும் ஒரே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு வேறுபாடு உண்டு. நாம் இரண்டு கிழமையில் நாடு திரும்பி அக்கணக்கை மறந்துவிடுவோம். நாட்கூலியிற் பத்திலொன்றுக்கு மேலான பங்கை ஒரு வேளைச் சோற்றுக்குக் கொடுத்துவிட்டு, அதனை மலிவு என்று அவர் மகிழ்கின்றார். அந்நகரின் மலிவான சோற்றைக்கூட நாள்தோறும் உண்ண இயலாதவரே அந்நகரைக் கட்டுகின்றனர்.

மலிவுச் சோறு எதற்காக என்ற கேள்வி அன்று எம்மைப் பற்றிக்கொண்டது. இங்கிலாந்திலே தானியச் சட்டங்கள் 1846ஆம் ஆண்டில் நீக்கப்பட்டபோது ஆலை முதலாளிகள் ஏன் களித்தனர்? தொழிலாளியின் பசியின்மேல் கொண்ட இரக்கத்தாலன்று. பாண் மலிந்தால் கூலியையும் குறைவாய் வைத்திருக்கலாம். 1848 ஜனவரியில் பிரசெல்ஸ் நகரில் சுதந்திர வர்த்தகம் பற்றி உரையாற்றிய மார்க்ஸ் சுட்டிக்காட்டியதும் இதனையே. சிங்கப்பூரில் எல்லாத் தொழிலாளருக்கும் பொதுவான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் இன்றுமில்லை. துப்புரவுத் தொழில் போன்ற சில துறைகளுக்கே, 2014ஆம் ஆண்டு முதலாகப் படிப்படியாய், அடிமட்டச் சம்பளம் வகுக்கப்பட்டுள்ளது. நாலு வெள்ளிச் சோறு இல்லையேல் அந்நகரத்துக் கூலி எவ்வளவாய் இருக்கும்?

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். 1963 பெப்ரவரியில் நூற்றுக்கு மேற்பட்ட இடதுசாரிகளும் தொழிற்சங்கவாதிகளும் விசாரணையின்றிச் சிறையிடப்பட்ட நகரம் அது. அதன் அரசை மெச்சும் அவசரம் எமக்கில்லை. எனினும், தெருவோரத்தில் வண்டியும் காவுதடியும் கொண்டு உணவு விற்றோரை அவ்வரசு துரத்தி மட்டும் விடவில்லை. 1968–69இல் அவர்களையெல்லாம் பதிவு செய்தது. 1971 முதல் 1986 வரையான காலத்தில் கூரையும் குழாய்த் தண்ணீரும் கழிவுநீர் வாய்க்காலும் உள்ள அங்காடிகளைக் கட்டி, அவர்களை உள்ளே குடியமர்த்தியது. பழைய வியாபாரிகளுக்குச் சலுகை வாடகையும் கொடுத்தது. கூரையும் தண்ணீரும் பொதுப் பணத்தில் வந்தமையாலேயே சோறு மலிந்தது. வெறும் சந்தைப் போட்டியால் மலிந்ததன்று. எம் நாட்டு ஆட்சியாளர் மானியம் என்ற சொல்லைக் கேட்டாலே முகஞ் சுளிப்பர். 1953ஆம் ஆண்டிலே பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாய் உயர்த்தியதன் பயன் என்ன? ஓகஸ்ட் 12இல் ஹர்த்தால், துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி, ஒக்டோபரில் பிரதமரின் பதவி விலகல். சோற்றின் விலை அரசியலன்று என்பவர் அவ்வாண்டின் பத்திரிகைகளை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நன்று.

ஆனால் பொதுப் பணம் கூரையோடு நின்றுவிடுகின்றது. கூரைக்குக் கீழே எஞ்சிய மலிவை யார் கொடுக்கின்றார்? எம் கடைக்கார அம்மையாரை நாள்தோறும் கவனித்து வந்தோம். அறுபதைக் கடந்தவர். காலை நாலு மணிக்குக் கடைக்கு வந்துவிடுவாராம். இருபது தட்டங் கறியையும் கணவர் சமைக்கின்றார். அம்மையார் வெட்டுகின்றார், விற்கின்றார், கழுவுகின்றார். கூலியாள் இல்லை. ஆசனம் ஒன்று இருந்தது. அதன்மேல் முட்டைத் தட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன. வலது முழங்காலில் துணிப்பட்டை ஒன்றை இறுகக் கட்டியிருந்தார்.

பிள்ளைகள் உதவுவதில்லையோ என ஒருநாள் கூட்டம் குறைந்த வேளையில் அரைகுறை ஆங்கிலத்தில் வினவினோம். மகன் கணினித் துறையிலே வேலை செய்வதாகக் கூறி, "குட்" என்றார். பின்னர் கடையைச் சுட்டி, "திஸ் வன், நோ குட்" என்றார். அவர் முகத்திலே பெருமையே தெரிந்தது, வருத்தம் தெரியவில்லை. உணவங்காடி வியாபாரிகளின் வயது அறுபதை அண்மித்து நிற்பதும், இளையோர் அத்தொழிலுக்கு வரத் தயங்குவதும் அந்நாட்டார் எல்லோரும் அறிந்த செய்தி. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாட்டை மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. நல்லதுதான். மரபுரிமை என்று பெயர் சூட்டப்பட்டபோது, அம்மரபை ஏற்க வாரிசில்லை. இதே கட்டடத்திலே சான் ஹொன் மெங் என்பவர் இரண்டு வெள்ளியளவுக்கு விற்ற சோயாக் கோழிச் சோற்றுக்கு 2016ஆம் ஆண்டில் மிச்சலின் நட்சத்திரம் கிடைத்தது. 2021இல் அது போயிற்று. நட்சத்திரம் வந்தாலும் போனாலும் மற்றக் கடைகளில் அடுப்பு நாலு மணிக்கே எரிகின்றது.

மேசையைப் பற்றி இன்னுமொன்று. முதல் நாள் நாம் உண்டுவிட்டுத் தட்டை மேசையிலேயே விட்டு எழுந்தோம். எழுபதைக் கடந்திருக்கக்கூடிய கிழவி ஒருத்தி, முதுகு வளைந்து, தள்ளுவண்டியோடு வந்து பேசாமல் அதனை எடுத்துச் சென்றாள். அருகே இருந்த பள்ளி மாணவி எம்மை ஒரு பார்வை பார்த்தாள். மாணவியர் ஆசிரியரை அவ்வாறு பார்ப்பதில்லை. அங்கே நாம் ஆசிரியரல்லர். உண்டவர் தட்டை உண்டவரே தாங்கியில் திருப்பி வைக்கவேண்டும் என்பது 2021 செப்டெம்பர் முதல் அங்கே கட்டாயம். மீறுவோர்க்குத் தண்டமும் உண்டு. மறுநாள் முதல் நாமே எடுத்து வைத்தோம். முஸ்லிம்கள் உண்ட தட்டுகளுக்கென வேறொரு தாங்கியும் உண்டு. எதை எதில் வைப்பதென்று ஒருமுறை நாம் தடுமாறி நின்றபோது, அந்தக் கிழவியே வந்து தட்டை வாங்கி உரிய இடத்தில் வைத்தாள். பேரனாரின் பேணி நினைவுக்கு வந்தது. தன் எச்சிற் பாத்திரத்தைத் தானே கழுவுதல் ஒருவருக்கு மட்டும் விதிக்கப்பட்டால் இழிவு. எல்லோருக்கும் விதிக்கப்பட்டால் ஒழுங்கு. ஆயினும் அந்தக் கிழவியின் வேலை அதனாற் குறைந்ததாய்த் தெரியவில்லை. அவள் உண்ணும்போது எந்த மேசையில் இருப்பாள் என்று பார்க்க விரும்பினோம். நாம் இருந்த நேரங்களில் அவள் உண்ணவில்லை.

புதுக்கோட்டைத் தம்பியைப் பின்னர் இருமுறை கண்டோம். ஒருநாள் அவருடைய தட்டுக்கும் சேர்த்து நாம் காசு கொடுக்க முனைந்தபோது, "வேணாம் சார், உங்க ஊர்லயும் கஷ்டந்தானே, பேப்பர்ல பாத்தோம்" என்று தடுத்துவிட்டார். எமக்கு நாணமாக இருந்தது. அவரும் நாமும் கோப்பி மட்டும் ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்து, மாற்றிக் குடித்தோம்.

புறப்படுவதற்கு முதல் நாள் நண்பகல், கடைசியாய் ஒருமுறை நாலு வெள்ளிச் சோறு உண்ணலாமெனச் சென்றோம். கடை பூட்டியிருந்தது. இரும்புக் கதவிலே கைப்பட எழுதிய சீனக் கடுதாசி ஒட்டப்பட்டிருந்தது. எம்மால் வாசிக்க இயலவில்லை. சதுரங்க முற்றத்திற் கண்டு பழகிய முதியவர் ஒருவர் அவ்வழியே வந்தார். கடுதாசியை வாசித்துவிட்டு, தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார். "ஹொஸ்பிட்டல்" என்றார். பின்னர் எட்டு விரல்களை விரித்து, "வீக்ஸ்" என்றார்.

பக்கத்துக் கடையில் அதே இரண்டு மரக்கறியும் ஓர் இறைச்சியும் நாலரை வெள்ளி. கொடுத்து வாங்கிக்கொண்டு, இடம் தேடி அமர்ந்தோம்.